விவாதப் பயிற்சியாளர் வேலை நிலைக்க பிஎச்.டி. வேண்டுமா?

அமெரிக்கக் கல்லூரிகளில் பாலிசி டிபேட் (அரசுக் கொள்கை பற்றிய விவாதப் போட்டி) அணிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள், பிஎச்.டி. சேருவதற்கு முன், தாங்கள் குறிவைக்கும் பணியிடம் எந்த வகை என்று பார்க்க வேண்டும். விளம்பரத்தில் எல்லாமே ‘டைரக்டர் ஆஃப் டிபேட்’ என்றுதான் இருக்கும். உள்ளே மூன்று வகை உண்டு.

மாணவர் நலப் பிரிவின் கீழ் வரும் ஊழியர் பணியிடத்துக்குப் பெரும்பாலும் எம்.ஏ. போதும். அங்கே பிஎச்.டி.யால் கூடுதல் பாதுகாப்பு கிடைக்காது. நிதி ஒதுக்கீடு நின்றால் வேலையும் நின்றுவிடும். ஒப்பந்த விரிவுரையாளர் பணிக்கும் எம்.ஏ. போதும் என்றாலும், தென் மாநிலக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் எஸ்.ஏ.சி.எஸ்.சி.ஓ.சி. அமைப்பின் வழிகாட்டுதல்படி, இளநிலை வகுப்பு எடுப்பவர் அந்தப் பாடத்திலேயே குறைந்தது 18 முதுநிலை கிரெடிட் (பாட அளவைக் கணக்கிடும் அலகு) முடித்திருப்பது நல்லது. சட்டம் படித்துவிட்டுப் பயிற்சிக்குத் திரும்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஜே.டி. என்னும் சட்டப் பட்டம் இருக்கும், விவாதம் வழக்கமாக அடங்கும் தகவல்தொடர்பியல் துறையில் 18 கிரெடிட் இருக்காது. குறைகிற கிரெடிட்டை மட்டும் படித்து முடித்தால் போதும். அதற்காக முழு பிஎச்.டி. வேண்டியதில்லை.

மூன்றாவது வகை, துறையில் டெனூர் டிராக் உதவிப் பேராசிரியர் பணி, அதாவது டெனூர் என்னும் நிரந்தரப் பதவிக்குக் கொண்டுபோகும் பணி. பிஎச்.டி. இல்லாமல் இது அநேகமாகக் கிடைக்காது. பட்டத்தின் உண்மையான மதிப்பும் இங்கேதான்: டெனூர் பேராசிரியர் பதவிக்குத்தான், பயிற்சியாளர் பொறுப்புக்கு இல்லை. நாளை கல்லூரி விவாத அணியையே மூடினாலும் நீங்கள் துறையில் பாடம் எடுத்துக்கொண்டு இருக்கலாம்.

ஆனால் இதே பாதையில் வேலை பறிபோகவும் வழி இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கமான ஏ.ஏ.யு.பி.யின் 1940ஆம் ஆண்டு அறிக்கை தகுதிகாண் காலத்துக்கு 7 ஆண்டு என்று உச்சவரம்பு வைத்தது. பெரும்பாலான இடங்களில் டெனூர் தருவதா என்று 6ஆம் ஆண்டில் முடிவெடுப்பார்கள். மறுத்தால் இன்னும் ஒரு வருடம், அதோடு சரி. பயிற்சியாளர்கள் இதில் தோற்பது பெரும்பாலும் ஆய்வுக் கட்டுரை போதாமல்தான். செப்டம்பரில் தொடங்கி வசந்தகாலத்து என்.டி.டி. என்னும் தேசிய விவாதப் போட்டி வரை வார இறுதிகள் பயணத்தில் போய்விடும், டெனூரை முடிவு செய்யும் குழுவோ கோப்பைகளை எண்ணாது. ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன் நியமனக் கடிதத்தில் இவற்றை எழுதி வாங்குங்கள்: பருவத்துக்கு எத்தனை பாடம் குறைப்பு, உதவிப் பயிற்சியாளருக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து, பயிற்சிப் பணியைக் கற்பித்தலாக எடுத்துக்கொள்வார்களா, சேவையாகவா (குழு வேலை, நிர்வாக வேலை போன்றது). சேவை என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். டெனூர் மதிப்பீட்டில் அதற்குத்தான் எடை மிகக் குறைவு. துறைத் தலைவர் வாய்மொழியாகச் சொன்னது அவர் மாறியதும் செல்லாது.

பயிற்சி கொடுத்துக்கொண்டே பிஎச்.டி. செய்வதானால், உதவித்தொகை துறையிலிருந்து வருகிறதா, விவாத அணியின் பட்ஜெட்டிலிருந்து வருகிறதா என்று கேளுங்கள். பின்னதாக இருந்தால், அணி மூடும்போது படிப்பும் பாதியில் நிற்கும். ஆய்வுத் தலைப்பை வாதவியலிலேயே (வாதங்கள் எப்படி அமைகின்றன என்று ஆராயும் துறை) வையுங்கள். போட்டிக்குப் படிப்பது ஆய்வுக்கும் உதவும், ஆய்வேட்டின் அத்தியாயத்தை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஆல்டாவில் 1979 முதல் கூடிவரும் வாதவியல் மாநாட்டில் வாசிக்கலாம். எழுத்து வேலையைச் சீசன் முடிந்த ஏப்ரலிலிருந்து ஆகஸ்டுக்குள் முடியுங்கள். ஆய்வேடு முடியாத நிலையில் பணியில் சேர்ந்தால், குறித்த தேதிக்குள் சமர்ப்பிக்காதவரைக் கீழ்ப் பதவிக்கு இறக்கும் ஷரத்து இருக்கிறதா, டெனூர் கணக்கு என்றைக்குத் தொடங்குகிறது என்று பாருங்கள்.

நாற்பதைத் தாண்டி, நல்ல ஊழியர் பணியில் இருப்பவர் நான்கைந்து ஆண்டுச் சம்பளத்தை விட்டு பிஎச்.டி.க்குப் போவது எங்கள் கணிப்பில் சரிப்படாது. அவர் பல ஆண்டு ஒப்பந்தத்தையும் போதிய முன்னறிவிப்பையும் கேட்டு வாங்கலாம். ஏ.ஏ.யு.பி. ஆசிரியர்களுக்குப் பரிந்துரைக்கும் அளவு இது: புதுப்பிக்கப் போவதில்லை என்றால் முதல் ஆண்டில் மார்ச் 1, இரண்டாம் ஆண்டில் டிசம்பர் 15க்குள் தெரிவிக்க வேண்டும், அதற்குப் பிறகு 12 மாத முன்னறிவிப்பு. ஊழியர் ஒப்பந்தத்தில் இது தானாக வராது. பேசி, எழுத்தில் சேர்க்க வேண்டும்.