மாந்தோனில் ஒரு ஜூன் மாதம்: மொரிசியஸிலிருந்து மத்தியதரைக் கடலோரத்துக்குப் போகிறவர்களுக்கு

மொரிசியஸில் ஜூன் மாதம் மாலை ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. கியூர்பிப் பக்கம் சாரலும் குளிர்காற்றும் விடுவதில்லை. அதே நாட்களில் பிரான்சின் தென்கிழக்கு மூலையில், இத்தாலிய எல்லையை ஒட்டிய மாந்தோன் என்ற சிறு கடலோர ஊரில் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறைகிறது. கடல் சூழ்ந்த தீவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் இன்னொரு கடலைப் பார்க்க இத்தனை தூரம் போக வேண்டுமா என்று என் மாமியார் கேட்டார்கள். அந்தக் கடல் நம் கடலைப் போன்றதன்று. அந்த வேறுபாட்டை முதலிலேயே மனத்தில் கொண்டு நாளையும் வீட்டையும் தேர்ந்தெடுத்தால்தான் பயணம் நன்றாக அமைகிறது. ஸ்பெயினிலும் கிரேக்கத்திலும் அழகான கடலோர ஊர்கள் எத்தனையோ இருந்தாலும், முதன்முறை போகும் நம்மவர்களுக்கு நான் மாந்தோனைச் சொல்வதற்கு முதற்காரணம் மொழி: சந்தையிலும் மருந்துக்கடையிலும் நமக்குத் தெரிந்த பிரெஞ்சிலேயே பேசி முடிக்கலாம்.

முதலில் நாள் குறிக்க வேண்டும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு ஜூன் ஒத்துவராது. நம் குளிர்கால விடுமுறை தொடங்கும்போது அங்கே பிரெஞ்சுக் குடும்பங்களும் கடற்கரையை நிறைத்திருக்கும், வாடகையும் ஏறியிருக்கும். ஓய்வுபெற்றவர்களுக்கும், பிள்ளைகள் வளர்ந்துவிட்ட தம்பதியருக்கும், விடுப்பைத் தம் விருப்பப்படி எடுக்கக் கூடியவர்களுக்கும் ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து மாத இறுதி வரையே மிக நல்ல காலம். முதல் வாரத்தைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மொனாக்கோ கார் பந்தயம் முன்பு மே மாத இறுதியில் நடந்தது; 2026 முதல் அது ஜூன் மாதத்தின் முதல் முழு வார இறுதிக்கு மாற்றப்பட்டுள்ளது. மொனாக்கோ மாந்தோனிலிருந்து பத்து கிலோமீட்டர் தூரம்தான் என்பதால், அந்த வாரத்தில் இரயிலில் நிற்கவும் இடம் கிடைக்காது, அறை வாடகையும் கட்டுக்குள் இராது.

மொரிசியஸ் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, பிரான்ஸ் உள்ளிட்ட ஷெங்கன் கூட்டமைப்பு நாடுகளில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை விசா தேவையில்லை. இந்தச் சலுகை 2009இலிருந்து இருந்துவருகிறது. விசா இல்லை என்பதற்காக வெறுங்கையோடு போய் நிற்கக் கூடாது. தங்குமிடச் சான்று, திரும்பும் பயணச்சீட்டு, குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் காப்பீடு, செலவுக்குப் போதிய பணம் ஆகியவற்றை எல்லை அதிகாரி கேட்கலாம். பணத்துக்குப் பிரான்ஸ் அளவு வைத்திருக்கிறது: ஓட்டலில் அறை பதிவு செய்தவர் நாளொன்றுக்கு 65 யூரோவும், எந்தப் பதிவும் இல்லாதவர் 120 யூரோவும் காட்ட வேண்டும். நம்மில் பலருக்கு அங்கே அண்ணனோ அத்தையோ இருப்பார்கள். அவர்கள் வீட்டில் சில நாள் தங்குவதானால், அவர்கள் தம் ஊர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், விண்ணப்பித்து, 30 யூரோ கட்டணம் கட்டி, வரவேற்புச் சான்றிதழ் வாங்கி அனுப்ப வேண்டும். அதன் மூலப்பிரதி கையில் இருந்தால் நாட்செலவுத் தொகை 65 யூரோவில் பாதியாகக் குறைகிறது. உறவினர்கள் இதைக் கடைசி வாரத்துக்கு விட்டுவிடுவது வழக்கமாகையால், இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே நினைவூட்டத் தொடங்குங்கள். கைரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் புதிய எல்லை முறை 2025 அக்டோபரில் தொடங்கியிருக்கிறது. அதற்கு மேல் 20 யூரோ கட்டணத்தில் இணையவழி முன்னனுமதி பெறும் எத்தியாஸ் முறையை 2026இன் கடைசிக் காலாண்டில் தொடங்குவதாக ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்துள்ளதால், 2027இல் போகத் திட்டமிடுகிறவர்கள் பயணச்சீட்டு வாங்குமுன் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாரிஸ் வழியாக நீஸ் நகரத்துக்கு விமானம் மாறிப் போவதானால், குடிவரவுச் சோதனை பாரிஸிலேயே நடக்கும். கைரேகைப் பதிவுக்கும் வரிசை இருக்கும். இரண்டு விமானங்களுக்கும் இடையே மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களுடன் போனால் ஓர் இரவு பாரிஸில் தூங்கி, மறுநாள் காலை அதிவேக இரயிலில் போவதையே நான் விரும்புவேன். ஏறத்தாழ ஆறு மணி நேரப் பயணம். சீட்டை எவ்வளவு முன்கூட்டி வாங்குகிறோமோ அவ்வளவு மலிவு. போகும் திசைக்கு வலப்பக்க ஜன்னலோர இருக்கை கேளுங்கள். சேன் ரஃபாயேல் தாண்டியதும் எஸ்தெரேல் மலையின் செம்பாறைகள் அப்படியே நீலக்கடலுக்குள் இறங்குவது அந்தப் பக்கத்தில்தான் தெரியும். நீஸிலிருந்து மாந்தோனுக்கு உள்ளூர் இரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். இங்கும் கடல் வலப்பக்கமே. இந்தப் பயணத்துக்குக் கார் வாடகைக்கு எடுக்க வேண்டாம். சாலைகள் குறுகலானவை, நிறுத்த இடமும் கிடைப்பதில்லை.

தங்குமிடத்தில்தான் நாங்கள் தவறு செய்தோம். 2023இல் என் மனைவியுடனும் சின்னம்மாவுடனும் போனபோது, மஞ்சளும் காவியும் பூசிய பழைய நகர வீடுகளின் படத்தைப் பார்த்து மயங்கி, தேவாலயத்துக்குச் சற்று மேலே ஒரு வீட்டை ஒன்பது நாளைக்குப் பேசியிருந்தோம். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் என்று எழுதியிருந்தது, தெரியவும் செய்தது. ஆனால் தெருவே படிக்கட்டு என்பதையும், கதவைத் திறந்த பிறகு இன்னும் மூன்று மாடி ஏற வேண்டும் என்பதையும் வீட்டுக்காரர் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சின்னம்மா முழங்கால் வலியோடு படிக்குப் படி நின்று ஏறி, மூன்றாம் நாளிலிருந்து மாலையில் கீழே இறங்கவே மறுத்துவிட்டார். நாங்கள் கடற்கரையில் இருக்க, அவர் அந்த ஜன்னலில் உட்கார்ந்திருந்தது இன்றும் எனக்கு உறுத்துகிறது. ஆகவே பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிவிடுங்கள்: லிஃப்ட் உண்டா, தெருவிலிருந்து வாசலுக்கு எத்தனை படி, கடற்கரைக்குச் சமதளத்தில் நடந்து போக முடியுமா. இரயில் நிலையத்துக்கும் கடலுக்கும் இடைப்பட்ட புதிய நகரப் பகுதியிலும், இத்தாலியப் பக்கமான காராவானின் கடலோரச் சாலையிலும் பார்த்தால் முதியவர்களுக்கு ஏற்ற வீடுகள் கிடைக்கும். தலைக்கு இத்தனை என்று நாள்தோறும் ஊராட்சி வரி உண்டு; வாடகையில் அது சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இனி கடல். வெயில் சுடுகிறதே என்று நம்பி ஓடிப்போய் இறங்கினால் உடம்பு விறைத்துவிடும். நம் தீவில் ஜூலைக் குளிரிலும் கடல்நீர் ஏறத்தாழ 23 பாகை இருக்கிறது. மாந்தோனில் ஜூன் தொடக்கத்தில் அது 20 பாகையை ஒட்டியே இருந்து, மாத இறுதிக்குள்தான் மெல்லச் சூடேறுகிறது. பெரும்பாலும் கூழாங்கல் கரை. வெறுங்காலோடு நடந்தால் பாதம் நொந்துபோகும் என்பதால், இங்கே பவளப்பாறைக்குப் போட்டுக்கொள்ளும் ரப்பர் காலணியைப் பெட்டியில் வையுங்கள். அங்கே அலையைத் தடுக்கும் பவளத்திட்டும் இல்லை, நம் ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரையில் போல இடுப்பளவு நீரில் நெடுந்தூரம் நடந்து போகும் வசதியும் இல்லை. நாலைந்து எட்டு வைப்பதற்குள் கால் எட்டாத ஆழம் வரும் இடங்கள் உண்டு. நீந்தத் தெரியாதவர்கள் அலைதடுப்புக் கற்களுக்கு உட்பட்ட சாப்லெட் கடற்கரையில் மட்டும் இறங்குவது நல்லது. காவலர் கொடி பச்சையானால் இறங்கலாம், மஞ்சளானால் கவனம் வேண்டும், சிவப்பானால் கூடவே கூடாது. ஓதமும் வற்றமும் ஏறக்குறைய இல்லாத கடல் அது. காலையில் பாயை விரித்த இடத்திலேயே மாலை வரை உட்கார்ந்திருக்கலாம். சில நாட்களில் ஊதாநிறச் சொறிமீன் கரையோரம் வரும். கொட்டினால் தேய்க்காமல், குழாய்நீர் விடாமல், கடல்நீராலேயே கழுவ வேண்டும்.

உணவைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் படும் கவலையில் பாதி தேவையற்றது. அந்தக் கரையின் பழைய சிற்றுண்டியான சொக்கா, கடலைமாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு ஆகிய நான்கினாலும் ஆனது. அகன்ற செப்புத் தட்டில் மாவை மெல்லியதாக ஊற்றி விறகடுப்பில் தள்ளுகிறார்கள். ஓரம் கருகி, நடுவில் கொப்புளம் கொப்புளமாக எழும்பி வந்ததும் சுரண்டி எடுத்து, மிளகுத்தூள் தூவித் தாளில் வைத்துத் தருகிறார்கள். சின்னம்மா ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, நம் பருப்பு வடையான காத்தோ பிமாவின் அக்காள்போல் இருக்கிறதே என்றார். மரக்கறி உண்பவர்கள் பிஸ்ஸலாதியேர் என்ற வெங்காய ரொட்டியிடம் கவனமாக இருக்க வேண்டும். அதில் நெத்திலி போன்ற மீன் கிடக்கும். நீஸ் சாலட்டிலும் மீன் உண்டு. உணவகங்கள் மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரையும், பிறகு இரவு ஏழு, ஏழரைக்கு மேலும்தான் சாப்பாடு தரும். நான்கு மணிக்குப் பசித்தால் ரொட்டிக்கடைதான். ஆகவே அடுப்புள்ள வீடு எடுத்து, காலையில் கூரையுள்ள சந்தைக் கட்டடமான ஆலில் தக்காளியும் கத்தரியும் வாங்கி, ஒரு வேளையாவது சமைத்துக்கொள்வது செலவுக்கும் வயிற்றுக்கும் நல்லது.

அதற்காக வீட்டிலிருந்து எதையும் கொண்டுபோய்விட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால்பொருளும் கொண்டுபோகத் தடை உள்ளதால் நெய்யும் பால்கோவாவும் கூடாது. பச்சைக் காய், பழம், இலைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டுமே விலக்கு. கிரியோலில் கறிப்புலே என்று தமிழ்ப் பெயரோடே வழங்கும் நம் கறிவேப்பிலையைப் பச்சையாகக் கொண்டுபோக வேண்டாம். மசாலாத்தூளும் பருப்பும் போதும். மூன்று சதுர முனைகள் கொண்ட பிளக் அங்கே பொருந்தாது என்பதால் ஓர் அடாப்டரும், இரவுக் காற்றுக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டரும் வையுங்கள்.

அங்கே இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமையை இத்தாலிக்கு ஒதுக்குங்கள். எல்லைக்கு அப்பால் அடுத்த ஊரான வென்டிமில்யாவில் அன்று பெரிய சந்தை கூடுகிறது. இரயிலில் கால் மணி நேரம்கூட ஆகாது. திரும்பும்போது பிரெஞ்சுக் காவலர்கள் இரயிலில் ஏறிச் சோதிப்பதுண்டு; கடவுச்சீட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். இன்னொரு காலைப்பொழுதை வால் ரமே தாவரத் தோட்டத்துக்குக் கொடுக்கலாம். பாம்ப்லமூஸ் தோட்டத்தில் நடந்து பழகிய நமக்கு, வெப்பமண்டலச் செடிகள் அந்த மலைச்சரிவில் எப்படித் தழைக்கின்றன என்பதே ஒரு வியப்பு.

திரும்பும் நாளுக்கும் திட்டம் வேண்டும். ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கியிருந்தால், கடவுச்சீட்டைக் காட்டி வரித்திருப்பப் படிவம் கேட்டு வாங்குங்கள்; ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் புறப்படும் விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்குமுன் அதை இயந்திரத்தில் பதிய வேண்டும். ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சை ஜாமும் கைப்பெட்டியில் போகாது. துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள். மாந்தோன் எலுமிச்சையை அப்படியே பழமாகக் கொண்டுவர ஆசை வரும். அனுமதி இல்லாத பழத்தையும் செடியையும் நம் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். பழத்தை அங்கேயே பிழிந்து குடித்துவிட்டு, உறவினர்களுக்கு ஜாமை வாங்கி வாருங்கள்.