தீக்காயம் ஆறும்போது மூட்டுகள் இறுகாமல் காப்பது: பிசியோதெரபி வழிமுறை

தீக்காயம் பட்டவர் படுக்கையில் தானாக எப்படிக் கிடக்கிறார் என்று கவனியுங்கள். கழுத்து வெந்திருந்தால் உயரமான தலையணை கேட்பார், தாடையை நெஞ்சோடு சேர்த்துக்கொள்வார். அக்குள் வெந்திருந்தால் கையை விலாவோடு ஒட்டி வைத்திருப்பார். முழங்கையும் முழங்காலும் மடங்கியே இருக்கும். வலி குறைவது அந்த நிலையில்தான். ஆனால் ஆழமான தீக்காயம் சுருங்கிக்கொண்டேதான் ஆறும். மூட்டு எந்த நிலையில் கிடக்கிறதோ, அந்த நிலையிலேயே தழும்பு அதை இழுத்துப் பிடித்துவிடும். புண் முழுக்க ஆறட்டும், பயிற்சியைப் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திப்போட்டால் அதற்குள் அக்குளும் விரல்களும் இறுகிவிடும். அதனால் பிசியோதெரபி காயம் பட்ட முதல் நாளே தொடங்க வேண்டும்.

முதல் மூன்று மணி நேரம்

வெந்த இடத்தில் ஓடும் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் விடுங்கள். உடனே முடியாவிட்டாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. ஐஸ் வைக்கக் கூடாது. ரத்தக் குழாய்களைச் சுருக்கிக் காயத்தை இன்னும் ஆழமாக்கும். பற்பசை, வெண்ணெய், எண்ணெய், மை எதையும் பூசாதீர்கள். அவை வெப்பத்தை உள்ளேயே அடைத்துவைக்கும், காயத்தின் ஆழத்தையும் மறைத்துவிடும். மோதிரம், வளையல், கடிகாரத்தை வீக்கம் வரும் முன்பே கழற்றுங்கள். குழந்தைக்கோ பெரிய காயத்துக்கோ தண்ணீர் விடும்போது மற்ற உடம்பைப் போர்த்தி வையுங்கள், உடல் சில்லிட்டுப் போகக் கூடாது.

முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, பெரிய மூட்டுகள் ஆகியவற்றில் பட்ட காயம், கையையோ காலையோ வளையம்போலச் சுற்றிப் பட்ட காயம், மின்சாரம் அல்லது ரசாயனத்தால் வந்த காயம், புகையைச் சுவாசித்த நிலை, இவற்றுக்கு உடனே மருத்துவமனைதான். காயத்தின் பரப்பைக் கணக்கிட, நோயாளியின் விரல்கள் சேர்ந்த உள்ளங்கை அளவை ஏறக்குறைய 1 சதவீதமாக வைத்துக்கொள்ளுங்கள். வெறும் சிவப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பெரியவர்களுக்கு 10 சதவீதமும் குழந்தைகளுக்கு 5 சதவீதமும் தாண்டினால் வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

ஆழத்தைப் பார்த்துத் திட்டமிடுங்கள்

கொப்புளம் இல்லாத சிவப்பு ஒரு வாரத்துக்குள் சரியாகிவிடும். கொப்புளத்துக்கு அடியில் இளஞ்சிவப்பாக, ஈரமாக இருந்து, விரலால் அழுத்தினால் வெளுத்து உடனே நிறம் திரும்பினால் மேலோட்டமான காயம். தொட்டாலே வலிக்கும், ஆனால் இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் பெரிய தழும்பில்லாமல் ஆறும். திட்டுத்திட்டான சிவப்பும் வெள்ளையுமாக, நிறம் மெதுவாகத் திரும்பினால் அல்லது திரும்பாமலே போனால் ஆழம் அதிகம். பதனிட்ட தோல்போலத் தடித்து, வெளுத்தோ பழுப்பாகவோ, வலியே இல்லாமல் இருந்தால் முழு ஆழம் வெந்திருக்கிறது. வலி இல்லை என்று நிம்மதியடையக் கூடாத இடம் இது: நரம்பு முனைகளும் எரிந்துபோனதால்தான் வலி தெரியவில்லை.

திட்டமிட உதவும் கெடு மூன்று வாரம். அதற்குள் மூடாத புண் தடித்த தழும்பாக மாறும் வாய்ப்பு மிக அதிகம். தோல் ஒட்டு (உடம்பின் வேறிடத்துத் தோலை எடுத்துப் புண்ணில் வைப்பது) தேவையா என்று அறுவை மருத்துவர் அதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். ஆழம் முதல் இரண்டு மூன்று நாளில் மாறக்கூடியது. முதல் நாள் மதிப்பீட்டை மூன்றாம் நாள் மறுபடி சரிபாருங்கள்.

புண்ணைக் கட்டும் முறை

காற்றுப் பட்டால் ஆறும் என்று புண்ணைத் திறந்து காயவிடுவது தவறு. ஈரப்பதம் உள்ள புண்ணில் புதுத் தோல் செல்கள் எளிதாக நகரும். காய்ந்த பொருக்கு இருந்தால் அதற்கு அடியில் வழி தேடித்தான் போக வேண்டும். 1962-இல் ஆய்வாளர் ஜார்ஜ் விண்டர் பன்றிகளிடம் செய்த ஆய்வுக்குப் பிறகு, ஈரத்தில் புண் நன்றாக ஆறும் என்ற இந்த எண்ணம் வேரூன்றியது.

0.9 சதவீத சலைன் (உப்பு நீர்) அல்லது குடிக்கத் தகுந்த சுத்தமான தண்ணீரை வெதுவெதுப்பாக்கிக் கழுவுங்கள். பழைய கட்டு ஒட்டியிருந்தால் நனைத்து ஊறவிட்டு எடுங்கள். பிய்த்தால் முந்தைய நாள் வளர்ந்த தோலும் கூடவே வரும். அடியில் ஒட்டாத பாரஃபின் வலைத்துணி, மேலே நீர் உறிஞ்சும் காஸ் துணி, அதற்கு மேல் கட்டுத்துணி. கட்டுத்துணியை விரல்களின் நுனியிலிருந்து உடம்பை நோக்கிச் சுற்றுங்கள். ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகக் கட்டி இடையில் காஸ் வைக்காவிட்டால் விரலிடுக்குகள் ஒன்றாக ஒட்டி வளரும். கட்டு மெலிதாக, மூட்டு அசையும்படி இருக்க வேண்டும். பருமனான கட்டு போட்ட கையால் எந்தப் பயிற்சியும் செய்ய முடியாது.

சில்வர் சல்ஃபாடையாசின் என்ற கிருமிக்கொல்லிக் களிம்பை எல்லாத் தீக்காயத்துக்கும் பூசும் பழக்கம் பரவலாக இருக்கிறது. மேலோட்டமான காயத்தில் அது ஆறுவதைத் தாமதப்படுத்தும். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள், பிரசவத்தை நெருங்கிய கர்ப்பிணிகள், பச்சிளங்குழந்தைகளுக்குக் கூடாது.

புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, புதிதாக வரும் துர்நாற்றம், சீழ், காய்ச்சல், குறைந்துவந்த வலி திடீரெனக் கூடுவது ஆகியவை கிருமித் தொற்றின் அடையாளங்கள். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ஒருவருக்குப் பின் ஒருவராக இறங்கும் பொதுச் சுழல்நீர்த் தொட்டி கிருமியைப் பரப்பும். ஓடும் நீரில் கழுவுவதே நல்லது.

படுக்கை நிலை

முதல் இரண்டு மூன்று நாள் வீக்கம்தான் பெரிய எதிரி. வெந்த கையையும் காலையும் இதய மட்டத்துக்கு மேல் தூக்கி வையுங்கள், விரல்களையும் கணுக்காலையும் அடிக்கடி அசைக்கச் சொல்லுங்கள். சுற்றிலும் வெந்த கையில் விரல் குளிர்ந்து, மரத்து, வெளுத்தால், அல்லது விரலை நீட்டும்போது தாங்காத வலி வந்தால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரை அழையுங்கள். உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடுகிறது. மணிக்கணக்கில் காத்திருக்கும் விஷயமல்ல.

மூட்டுகளை வைக்கும் விதம்:

- கழுத்தின் முன்பக்கம்: தலையணை வேண்டாம். தோள்பட்டைக்குக் கீழே மடித்த துண்டு வைத்து, தலை சற்றுப் பின்னால் சாயட்டும்.
- அக்குள்: கை பக்கவாட்டில் 90 டிகிரி விரிந்து, 15 முதல் 20 டிகிரி முன்னோக்கி வரட்டும். நேர் பக்கவாட்டிலோ பின்னாலோ வெகுநேரம் இழுத்து வைத்தால் கைக்குச் செல்லும் நரம்புப் பின்னல் இழுபடும்.
- முழங்கை: நேராக, முழு நீட்டத்துக்கு ஐந்து டிகிரி குறைவாக.
- இடுப்பு: மடங்காமல் நேராக, கால்கள் 15 முதல் 20 டிகிரி அகன்று.
- முழங்கால்: நேராக. அடியில் தலையணை வைக்காதீர்கள்.
- கணுக்கால்: பாதம் 90 டிகிரியில் நிமிர்ந்து, குதிகால் படுக்கையில் அழுந்தாமல்.

தொடை வெளிப்பக்கம் திரும்பித் தவளைக்கால் போலக் கிடந்தால் முழங்காலுக்கு வெளிப்புறம் எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு நசுங்கும். பாதத்தைத் தூக்க முடியாமல் போகும். தொடையின் வெளிப்புறம் சுருட்டிய துண்டு ஒன்றை அணைகொடுத்தால் இதைத் தவிர்க்கலாம்.

கை

கைக்குத் தனிக் கவனம் தேவை. புறங்கை வெந்தால் வீக்கம் விரல்களின் அடி மூட்டுகளைப் பின்னால் தள்ளும், நடு மூட்டுகள் மடங்கும், கட்டைவிரல் உள்ளங்கையோடு ஒட்டும். சில நாளிலேயே கை கொக்கிபோல இறுகத் தொடங்கும். ஸ்பிளின்ட் (மூட்டைச் சரியான நிலையில் பிடித்துவைக்கும் தாங்குதகடு) இதற்கு நேர் எதிராக அமைய வேண்டும்: மணிக்கட்டு 20 முதல் 30 டிகிரி பின்னால் நிமிர்ந்து, விரல்களின் அடி மூட்டு 70 முதல் 90 டிகிரி மடங்கி, மற்ற விரல் மூட்டுகள் முழுக்க நேராக, கட்டைவிரல் உள்ளங்கைக்கு முன்னால் விலகி. உள்ளங்கை வெந்திருந்தால் கதை வேறு. அங்கே எல்லா விரல்களும் விரிந்து நீண்டிருக்க வேண்டும். புறங்கை ஸ்பிளின்டை உள்ளங்கைக் காயத்துக்குப் போடுவது கேட்டைத்தான் வளர்க்கும்.

ஸ்பிளின்ட் செய்ய, சூட்டில் இளகும் தெர்மோபிளாஸ்டிக் தகட்டை 65 முதல் 75 டிகிரி செல்சியஸ் நீரில் மென்மையாக்கி, நீரைத் துடைத்து, வெப்பம் தணிந்ததை உங்கள் தோலில் சோதித்துவிட்டு, கட்டின் மேல் வைத்து வடிவமைக்க வேண்டும். விளிம்புகளை வெளிப்புறம் மடியுங்கள். அகலமான பட்டைகளைப் பயன்படுத்துங்கள். குறுகிய பட்டை வீக்கத்தை வெட்டும். முதல் நாள் இரண்டு மணி நேரத்தில் கழற்றிப் பாருங்கள். 20 நிமிடத்துக்குப் பிறகும் மறையாத சிவப்பு எங்கே இருக்கிறதோ அங்கே ஸ்பிளின்ட் அழுத்துகிறது. கையை நன்றாக அசைக்கக்கூடியவருக்குப் பகலில் ஸ்பிளின்ட் வேண்டாம், இரவுக்குப் போதும். நாள் முழுக்கப் போட்டால் கை விறைத்துப்போகும்.

விரலின் நடு மூட்டுக்கு மேலே ஆழமாக வெந்து தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) தெரிந்தால், அல்லது தெரியுமோ என்ற சந்தேகம் இருந்தால்கூட, முஷ்டி பிடிக்கச் சொல்லவே கூடாது. நாண் அறுந்தால் நடு மூட்டு நிரந்தரமாக மடங்கி நிற்கும். அந்த மூட்டை நேராக ஸ்பிளின்டில் வைத்து, அடி மூட்டை மட்டும் தனியாக அசையுங்கள்.

பயிற்சி

மருத்துவர் தந்த வலி மாத்திரையை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் முன்பே கொடுத்துவிட்டு, முடிந்தவரை கட்டு மாற்றும் வேளையில் பயிற்சி செய்யுங்கள். தோல் எங்கே இழுபடுகிறது என்று அப்போதுதான் கண்ணால் பார்க்க முடியும். முதலில் நோயாளியே அசைக்கட்டும், குறையும் அளவுக்கு மட்டும் நீங்கள் கைகொடுங்கள். ஒவ்வொரு மூட்டுக்கும் 5 முதல் 10 தடவை, விழித்திருக்கும் நேரத்தில் ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை. நாளுக்கு ஒரே ஒரு நீண்ட பயிற்சியைவிட இது மேல்.

நீட்டும்போது தழும்பு வெளுக்கும்வரை மெதுவாகக் கொண்டுபோய் 30 விநாடி முதல் ஒரு நிமிடம் அப்படியே நிறுத்துங்கள். வெளுப்பு கொஞ்சம் தணிந்ததும் இன்னும் சற்று நகருங்கள். வெடுக்கென்று இழுத்தால் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகும், அவை புதிய அழற்சியாகி இன்னும் தடித்த தழும்பாகும். தழும்பு பல மூட்டுகளைத் தாண்டிப் போனால் எல்லாவற்றையும் ஒருசேர நீட்ட வேண்டும். அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை வெந்த கையில் முழங்கையை மட்டும் நீட்டினால் தோள் கீழிறங்கி ஏமாற்றிவிடும். தோளை விரித்துப் பிடித்துக்கொண்டே முழங்கையையும் மணிக்கட்டையும் நீட்டுங்கள். வாயைச் சுற்றி வெந்தவர்கள் நாளுக்குப் பலமுறை வாயை அகலத் திறந்து நிறுத்திப் பழக வேண்டும்.

மூட்டு எவ்வளவு அசைகிறது என்பதை வாரம் ஒருமுறை கோனியோமீட்டரால் (மூட்டின் கோணத்தை அளக்கும் கருவி) அளந்து எழுதிவையுங்கள். கண்மதிப்பு போதாது. 5 முதல் 10 டிகிரி குறைந்துவிட்டால் இரவு ஸ்பிளின்டையும் நீட்டும் நேரத்தையும் கூட்டுங்கள்.

முழங்கை நன்றாக அசைந்துவந்து திடீரென இறுகி, வலி கூடி, கடைசியில் எலும்பில் முட்டியதுபோல நின்றால் வலுக்கட்டாயமாக அழுத்தாதீர்கள். மூட்டைச் சுற்றி எலும்பு வளரத் தொடங்கியிருக்கலாம். வலியில்லாத எல்லைக்குள் நோயாளியே அசைக்கட்டும், எக்ஸ்ரேக்கு அனுப்புங்கள்.

தோல் ஒட்டு வைத்த பிறகு

ஒட்டிய தோலுக்குப் புது ரத்தக் குழாய்கள் பிடிக்கும்வரை அந்த மூட்டு அசையக் கூடாது. வழக்கமாக 3 முதல் 5 நாள். அதன்பின் அறுவை மருத்துவர் அனுமதித்ததும் மென்மையாகத் தானே அசைப்பது, ஏறக்குறைய ஒரு வாரத்தில் மெதுவாக நீட்டுவது. மற்ற மூட்டுகளுக்கு ஓய்வில்லை. காலில் ஒட்டு வைத்தவரின் காலைத் தொங்கவிடும் முன் விரலடியிலிருந்து ஒட்டுக்கு மேல்வரை எட்டுப் போலக் குறுக்காக எலாஸ்டிக் கட்டு போட வேண்டும். கட்டில்லாமல் தொங்கவிட்டால் ரத்தம் தேங்கி, ஒட்டுக்கு அடியில் கட்டி அதைத் தூக்கிவிடும். முதல் தடவை ஐந்து நிமிடம், பிறகு நிறத்தைப் பார்த்துக் கூட்டுங்கள்.

தழும்பைப் பார்த்துக்கொள்ளும் மாதங்கள்

புண் மூடியதோடு வேலை முடிவதில்லை. தழும்பு முதிர 12 முதல் 18 மாதம் ஆகும், குழந்தைகளுக்கு இன்னும் கூட. சிவப்பும் தடிப்பும் இறுக்கமும் இருக்கும்வரை அது சுருங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

எண்ணெய்ச் சுரப்பிகள் அழிந்த தோல் வறண்டு அரிக்கும். மணமில்லாத ஈரப்பதக் களிம்பை நாளுக்கு நாலைந்து முறை தடவுங்கள். தோல் உறுதியானதும் 5 முதல் 10 நிமிடம் தழும்பு வெளுக்கும் அளவுக்கு அழுத்தி மசாஜ் செய்யலாம். தொடக்கத்தில் அழுத்திப் பிடித்து விடுவது மட்டும், தேய்க்கக் கூடாது. புதுத் தோல் உராய்ந்தால் கொப்புளம் வரும்.

தழும்பை இறுக்கி அழுத்தும்படி அளவெடுத்துத் தைத்த அழுத்த உடையை ஒரு நாளில் 23 மணி நேரம் அணிய வேண்டும். குளிக்கவும் களிம்பு தடவவும் மட்டும் கழற்றலாம். இரண்டு செட் இருந்தால்தான் தினமும் துவைத்து மாற்ற முடியும். இரண்டு மூன்று மாதத்தில் துணி தளர்ந்துவிடும், புதிதாக அளவெடுங்கள். அது தடிப்பை ஓரளவு குறைக்கும், ஆனால் மூட்டு இறுகுவதைத் தடுப்பது நீட்டலும் ஸ்பிளின்டும்தான். உடை போட்டாயிற்று என்று பயிற்சியை விட்டுவிடுபவர்களிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். தழும்பின் மேல் ஒட்டும் சிலிக்கோன் ஜெல் ஷீட்டை நாளுக்கு இரண்டு முதல் நாலு மணி நேரத்தில் தொடங்கி 12 மணி நேரத்துக்கு மேல் உயர்த்துங்கள். தினமும் கழுவுங்கள், தோல் சிவந்து தடித்தால் சில நாள் இடைவெளி விடுங்கள். திறந்த புண்ணில் ஒட்டக் கூடாது.

வெயிலில் போகும்போது துணியால் மூடுங்கள், மூட முடியாத இடத்தில் எஸ்.பி.எஃப். 30-க்கு மேற்பட்ட வெயில் தடுப்புக் களிம்பு பூசுங்கள். இல்லாவிட்டால் நிறம் கறுத்து நிலைத்துவிடும். ஆழமாக வெந்து ஒட்டு வைத்த தோல் சரியாக வியர்க்காது. பெரிய பரப்பில் வெந்தவர்கள் நடைப்பயிற்சியும் எடைப்பயிற்சியும் செய்வது அவசியம், ஆனால் குளிர்ந்த வேளையில், இடையிடையே நீர் குடித்து, தலைசுற்றல் வந்தால் நிறுத்தி.

ஆண்டுகள் கழித்துப் பழைய தழும்பில் புண் வந்து ஆறாமல் நீடித்தாலோ, விளிம்பு தடித்து ரத்தம் கசிந்தாலோ களிம்பு பூசிக் காத்திருக்காதீர்கள். பழைய தீத்தழும்பில் அரிதாகப் புற்றுநோய் தோன்றுவதுண்டு. திசுப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.