பட்ஜெட் கேமிங் லேப்டாப்: அரை மணி நேரம் ஓடவிட்டு எடைபோடுவது எப்படி?

என் லேப்டாப்பிலும் ஆர்டிஎக்ஸ் 4050 (கேமின் காட்சிகளை வரையும் என்விடியாவின் சிப், அதாவது ஜிபியு), நண்பருடையதிலும் ஆர்டிஎக்ஸ் 4050. அதே கேம், அதே செட்டிங். அவருடையதில் வழுக்கிக்கொண்டு ஓடியது என்னுடையதில் திணறியது. காரணத்தைத் தேடி அலைந்தபோது தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள் இதையெல்லாம் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் அப்டேட்டும் ஜிபியு டிரைவரும் போட்டு முடித்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: ரேம்

டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் எத்தனை ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது என்று காட்டும். இரண்டில் ஒன்று மட்டும் என்றால் சிங்கிள் சேனலில், அதாவது தரவு போய்வர ஒரே பாதையில், ஓடுகிறது. அதனால் சிபியுவை (லேப்டாப்பின் முதன்மை பிராசஸரை) நம்பி ஓடும் கேம்கள் அடிக்கடி விக்கும். இது குறைதான், ஆனால் இன்னொரு ரேம் போட்டால் சரியாகிவிடும். மோசமான டிஸ்பிளேவை அப்படி எளிதில் மாற்ற முடியாது. எந்தக் குறையை நாமே பிறகு சரிசெய்யலாம், எதை முடியாது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வேலையில் பாதி.

படி 2: ஜிபியுவின் வாட்

நான் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4050-க்கு 35 வாட் முதல் 115 வாட் வரை எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதைத் தயாரிப்பாளரே முடிவுசெய்யலாம். பெயர் ஒன்று, வேகம் வேறு. என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து ‘மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர்’ என்ற வரியைப் பாருங்கள். என்னுடையதில் 75 வாட், நண்பருடையதில் 105.

சரி, 75-ஆவது கிடைக்கிறதா என்று, வாட், சூடு எல்லாவற்றையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற செயலியை ஓடவிட்டுக் கேம் ஆடினேன். முதலில் 45 வாட்தான் காட்டியது. ஃபேன் மோட் ‘சைலன்ட்’டில் இருந்திருக்கிறது. ‘பெர்ஃபார்மன்ஸ்’ மோடுக்கு மாற்றியதும் 60-க்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டது. மீதி 15 வாட் எங்கே? லேப்டாப்பே பழுது என்று நினைத்து இரண்டு நாள் டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டேன்.

பழுது எதுவும் இல்லை. அந்த 75 என்பது 60-உம் ‘டைனமிக் பூஸ்ட்’ தரும் 15-உம் சேர்ந்த கணக்கு. சிபியுவுக்கு வேலை குறைவாக இருக்கும்போதுதான் அந்த 15 வாட் ஜிபியு பக்கம் போகும். நான் ஆடிய கேமோ சிபியுவைப் பிழிந்தெடுக்கும் கேம். அதனால் இரண்டு லேப்டாப்பை ஒப்பிடும்போது, பூஸ்ட் சேர்க்காத அடிப்படை வாட்டை ஒப்பிடுங்கள்.

படி 3: சூடு

சார்ஜரைச் செருகி, பெர்ஃபார்மன்ஸ் மோடில், அரை மணி நேரம் ஒரே கேமை ஆடுங்கள். பத்தாவது நிமிடத்தில் எச்டபிள்யூஇன்ஃபோவின் கணக்கை ரீசெட் செய்துவிட்டு, முடிவில் சராசரியைப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் எந்த லேப்டாப்பும் நன்றாகத்தான் ஓடும்.

எச்டபிள்யூஇன்ஃபோவிலேயே ‘பெர்ஃபார்மன்ஸ் லிமிட்’ என்று சில வரிகள் உண்டு. ‘பவர்’ என்பதற்கு ‘யெஸ்’ வந்தால் கவலை வேண்டாம், கொடுத்த வாட்டை முழுதாக எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். ‘தெர்மல்’ அடிக்கடி ‘யெஸ்’ ஆனால் கூலிங் போதவில்லை. அப்புறம், ஐந்தாம் நிமிடத்திலும் முப்பதாம் நிமிடத்திலும் கேமில் ஒரே இடத்தில் நின்று எஃப்பிஎஸ்ஸை (ஒரு செகண்டில் எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படம் வருகிறது என்பதை) குறித்துக்கொள்ளுங்கள். 3டிமார்க் என்ற சோதனைச் செயலியின் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஒரே காட்சியை 20 முறை ஓட்டி, 97 சதவீத நிலைத்தன்மை இருந்தால்தான் பாஸ் போடும். கேமில் நான் அவ்வளவு கறார் இல்லை. பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்தால் மட்டும் பலவீனம் என்று எழுதிக்கொள்வேன்.

எஃப்பிஎஸ் பதிவுக்கு கேப்ஃபிரேம்எக்ஸ் என்ற செயலி போதும். சராசரியைவிட ‘1 சதவீத லோ’ எண்ணை (மிக மெதுவாக வந்த 1 சதவீத ஃபிரேம்களின் வேகத்தை) நம்புங்கள், விக்கல் அதில்தான் தெரியும். ஜிபியுவை உச்சத்துக்கு வதைக்கும் ஃபர்மார்க் சோதனை வேண்டாம், எந்தக் கேமும் ஜிபியுவை அப்படி வதைப்பதில்லை.

படி 4: டிஸ்பிளே

144 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 144 முறை திரை புதுப்பிக்கும்) என்று போட்டிருந்தாலும் விண்டோஸ் செட்டிங்கில் 60-இல் இருக்கிறதா என்று பாருங்கள். 144 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 7 மில்லி செகண்டுதான் நேரம். பேனல் நிறம் மாறுவதற்கே அதைவிட அதிகம் எடுத்துக்கொண்டால், வேகமாகத் திரும்பும்போது உருவங்களுக்குப் பின்னால் நிழல் இழுக்கும். விவரப் பட்டியலில் ‘45 சதவீத என்டிஎஸ்சி’ (திரை காட்டும் நிறங்களின் அளவு) என்று இருந்தால் நிறம் வெளிறித்தான் இருக்கும். ஃபோட்டோ எடிட்டிங்கும் செய்பவர் என்றால் மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் அதை வாங்காதீர்கள்.

பேட்டரியில் கேம் ஆடிப் பார்த்து மதிப்பிட வேண்டாம், எல்லா லேப்டாப்பும் அதில் வேகம் குறையும். எச்டபிள்யூஇன்ஃபோவின் பேட்டரி பகுதியில் ‘வேர் லெவல்’ (பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்ற அளவு) பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் போதும்.

பிறகு சேர்த்தது: இதைப் படித்த ஒருவர், எல்லாம் சரியாகச் செய்தும் ஜிபியு 30 வாட்டைத் தாண்டவில்லை என்று எழுதியிருந்தார். விசாரித்தால், கூட வந்த பெரிய சார்ஜரை விட்டுவிட்டு 65 வாட் டைப்-சி சார்ஜரைச் செருகியிருக்கிறார். சிபியு, ஜிபியு, திரை எல்லாவற்றுக்கும் சேர்த்து அதே 65 வாட்தான். பெட்டியில் வந்த சார்ஜரைப் போட்டதும் 70-ஐத் தொட்டது. படி 3-இல் சார்ஜர் என்று நான் சொன்னது அதைத்தான்.