வேலூர்ப் பக்கம் மனநல சிகிச்சை: போகும் முன்னும், போன பிறகும்

வீட்டில் ஒருத்தர் நாள்கணக்கில் தூங்காமல், தனியாகப் பேசிக்கொண்டு, சாப்பாட்டில் விஷம் கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிட்டால் தள்ளிப்போடாதீர்கள். மந்திரித்துக் கயிறு கட்டினால்தான் பாட்டிக்கு மனசு ஆறும் என்றால் கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் அதே வாரத்தில் டாக்டரையும் பாருங்கள்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. பாகாயத்தில் சிஎம்சியின் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மனநல மையம். அங்கே உள்நோயாளியாகச் சேர்த்தால் வீட்டு ஆள் கூடவே தங்குவது பல காலமாக இருக்கும் முறை. நல்ல முறைதான், ஆனால் ஷூ கம்பெனிக்கோ பீடி சுற்றவோ போனால்தான் அடுப்பு எரியும் என்கிற வீட்டில் யார் தங்குவது? இதை முதலிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

எப்போது ஆரம்பித்தது, தூக்கம் எப்படி, குடி உண்டா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், பழைய மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். சுகர் டெஸ்ட் என்று பொய் சொல்லி மட்டும் கூட்டிப்போகாதீர்கள், அப்புறம் மாத்திரையையும் நம்ப மாட்டார். வரவே மறுத்தால் 14416-க்குப் போன் செய்து என்ன செய்யலாம் என்று கேளுங்கள். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். உயிருக்கே ஆபத்து என்றால் 108.

2001-இல் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைக் கட்டிப்போட்டு வைத்திருந்த ஒரு காப்பகம் தீப்பிடித்து 28 பேர் சங்கிலியோடு கருகினார்கள். இன்று 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சங்கிலி போடவே கூடாது, மயக்க மருந்து இல்லாமல் ஷாக் (மின் அதிர்வு சிகிச்சை) கொடுக்கவும் கூடாது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் சட்டம் பார்க்கிறது, அதனால் போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

சரி, மாத்திரை வாங்கியாச்சு. என் கணக்கில் நிஜமான சிக்கலே இனிமேல்தான். மனச்சோர்வு மாத்திரை வேலைசெய்யச் சில வாரம் ஆகும், ஆனால் வாய் உலர்வது, குமட்டல் எல்லாம் முதல் வாரமே வந்துவிடும், அங்கேயே பலர் "இது ஒத்துக்கல" என்று விட்டுவிடுகிறார்கள். இன்னும் பலர், நன்றாகிவிட்டதே இனி எதற்கு என்று நிறுத்துகிறார்கள். நன்றாக இருப்பதே மாத்திரையால்தான் சாமி! குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொன்ன பிறகுதான். மாத்திரை வாங்கப் போவதில் மாசாமாசம் ஒரு நாள் கூலி போவதும் நிறுத்துவதற்கு ஒரு காரணம். அரசின் மாவட்ட மனநலத் திட்டக் குழு உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறது என்று கேட்டு, அங்கேயே மாத்திரை வாங்க முடியுமா பாருங்கள். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை எழுதியிருந்தால் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

கல்யாணம் நிச்சயமான பெண்களுக்குத் தனியாக ஒன்று. மாமியார் வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று மாத்திரையைச் சட்டென்று நிறுத்த வைக்கிறார்கள், சில மாதத்தில் நோய் திரும்ப வருகிறது. அதற்குப் பதில், நிச்சயம் ஆனதுமே டாக்டரிடம் சொல்லுங்கள். வால்ப்ரோயேட் மாதிரி சில மருந்துகள் கருவைப் பாதிக்கும், அதைக் கரு தரிப்பதற்கு முன்பே மாற்றித் தர அவருக்கு அவகாசம் வேண்டும்.