"இந்தப் பிள்ளைகள் அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள்

என் தம்பிக்கு 22 வயது. அறிவுசார் குறைபாடு உள்ளவன். பாம்பனில் எங்கள் தெருவுக்கு அவனை, கரையில் நின்று இழுக்கும் கரைவலைக் கயிற்றோடு சேர்த்துத்தான் தெரியும். வலை இழுக்கும்போது பாடும் அம்பா பாட்டுக்குத் தப்பாமல் காலை ஊன்றி இழுப்பான். மூன்று வருடத்துக்கு முன் திடீரென்று கயிற்றைத் தொட மாட்டேன் என்றான். ராத்திரி தூக்கம் இல்லை. சாயங்காலம் ஐந்து மணியானால் கதவில் தலையை முட்டினான். "இந்தப் பிள்ளைகள் அப்படித்தான்" என்றார்கள் சொந்தக்காரர்கள். முதலில் பார்த்த டாக்டரும் அதையேதான் சொன்னார். ஏழு வாரம் வீணாகப் போனது. உங்கள் வீட்டில் அப்படிப் போகக்கூடாது.

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு சின்ன வயதிலேயே இருப்பது. மனச்சோர்வு, பதற்றம் போன்றவை அதற்கு மேல் தனியாக வரும் நோய்கள். வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அவை வருவதற்கு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அதனால் உங்கள் பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள், ஆறு மாதத்துக்கு முன் இருந்த அவனோடு ஒப்பிடுங்கள். பிடித்த வேலையை விட்டானா, சாப்பாடு குறைந்ததா, தூக்கம் மாறியதா?

முதலில் உடம்பைப் பாருங்கள். டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள், காதைப் பாருங்கள், வெளிக்குப் போய் எத்தனை நாளாச்சு என்று பாருங்கள். எங்கள் தெருப் பையன் ஒருவன் கன்னத்தில் அடித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் பார்த்தால் கடைவாய்ப்பல் சொத்தை. வலிக்குது என்று சொல்லத் தெரியாதவன் வேறு எப்படிச் சொல்வான்?

அடுத்து, அவனுடைய நாளில் என்ன மாறியது என்று பாருங்கள். நம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நமக்கு அது வருமானக் கஷ்டம். மணி பார்த்து வாழும் பிள்ளைக்கோ உலகமே தலைகீழ்: அப்பா பகலில் வீட்டில் இருக்கிறார், படகு வரும் சத்தம் இல்லை. ஒரு வாரம் முன்பே காலண்டரைக் காட்டிச் சொல்லுங்கள், தினமும் ஒரு கட்டத்தை அவன் கையாலேயே அடிக்கவிடுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு போடுங்கள். தூக்கம், சாப்பாடு, கத்தினால் எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன நடந்தது, இவ்வளவு போதும். எங்களுக்கு விஷயத்தைச் சொன்னதே அந்த நோட்டுதான். பத்து நாள் எழுதியதில் எல்லாமே ஐந்து மணி. ஐந்து மணிக்குத்தான் எங்கள் அப்பத்தா அவனுக்கு வரக்காப்பி கொடுக்கும். அப்பத்தா இறந்தபோது, அவனுக்கு என்ன புரியப்போகிறது என்று அடக்கத்துக்குக் கூட்டிப்போகாமல் விட்டிருந்தோம். அது எங்கள் தப்பு.

கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். "அப்பத்தா செத்துப்போச்சு. இனி வராது" என்று சொன்னேன். தூங்குது, ஊருக்குப் போயிருக்கு என்றெல்லாம் சொல்லாதீர்கள், அவர்கள் காத்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும் வரை சும்மா இருங்கள். அவன் மண்ணைத் தொட்டுப் பார்த்தான், ரொம்ப நேரம் கழித்து, "காப்பி?" என்றான். இப்போது ஐந்து மணிக்கு அவனும் நானும் சேர்ந்து காப்பி போடுகிறோம்.

அதோடு எல்லாம் சரியாகவில்லை. "நானும் அப்பத்தாகிட்ட போறேன்" என்று ஒருநாள் சொன்னான். இப்படிச் சொன்னால் தெரியாமல் பேசுகிறான் என்று தள்ளாதீர்கள். சாகணும்னு தோணுதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. வீட்டு மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், தனியே விடாதீர்கள், மனநல மருத்துவரிடம் போங்கள். போகும்போது நோட்டும், அவன் தலையை முட்டும்போது போனில் எடுத்த வீடியோவும் இருக்கட்டும். மருத்துவர் முன்னால் அவன் அமைதியாக உட்கார்ந்திருப்பான்.

மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மருந்து கொடுத்திருந்தால் நம் வெயிலில் கூடுதல் கவனம் வேண்டும். உடம்பில் நீர் வற்றினால் அந்த மருந்து ரத்தத்தில் ஏறி ஆபத்தாகிவிடும். தண்ணீர் பாட்டில் கூடவே இருக்கட்டும், ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஏர்வாடி தர்காவுக்குக் கொண்டுபோங்கள் என்று எங்களிடமும் சொன்னார்கள். நம்பிக்கையைக் குறை சொல்ல மாட்டேன், எல்லா மதத்துக்காரர்களும் போகிற இடம். அங்கேயே துவா என்ற பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று அந்த ஊரில் ஒரு காப்பகக் கொட்டகை எரிந்து, சங்கிலியில் கிடந்த 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி யாரையும் சங்கிலியில் கட்டக்கூடாது. எந்த இடமானாலும் விட்டுவிட்டு மட்டும் வராதீர்கள்.

காகித வேலையும் உண்டு. 18 வயது முடிந்தால் பெற்றோர்கூடத் தானாகச் சட்டப்படியான காப்பாளர் ஆக முடியாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையில் உள்ள குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அம்மா அப்பா திடமாக இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

ராத்திரியில் ஒன்றும் புரியாமல் நின்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசு கிடையாது. எங்கள் அடுப்படிச் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். காப்பி கொதிக்கும்வரை தம்பி அதை ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகப் படிப்பான்.