திறமூல மென்பொருளுக்குப் பெயர் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்று ஃபயர்ஃபாக்ஸ் என்று நாம் அறியும் உலாவி 2002இல் ஃபீனிக்ஸ் என்ற பெயரில்தான் வெளிவந்தது. ஃபீனிக்ஸ் டெக்னாலஜீஸ் நிறுவனம் தன் வர்த்தக முத்திரையைச் சுட்டிக்காட்டி எதிர்ப்புத் தெரிவித்ததால், 2003இல் அது ஃபயர்பேர்ட் ஆயிற்று. அந்தப் பெயரோ, இன்டர்பேஸிலிருந்து 2000இல் கிளைத்த ஒரு திறமூலத் தரவுதளத்துக்கு ஏற்கெனவே உரியதாக இருந்தது. அத்திட்டத்தினர் கடுமையாக எதிர்க்கவே, 2004 பிப்ரவரியில் மூன்றாவது பெயர் சூட்டப்பட்டது. உலாவி வேறு, தரவுதளம் வேறு என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இரண்டும் ஒரே லினக்ஸ் வெளியீட்டில் அடுத்தடுத்து நிறுவப்படும்போது அந்தச் சமாதானம் எடுபடாது.

ஆகவே, பெயர் மனதுக்குப் பிடித்தவுடன் நிரலை வைக்கும் களஞ்சியத்தைத் திறந்துவிடுவதே முதல் தவறு. வர்த்தக முத்திரைப் பதிவுகளில் மென்பொருள் பெரும்பாலும் 9, 42 ஆகிய வகுப்புகளில் வரும். இந்தியப் பதிவகத்தின் இணையதளத்தில் இவற்றைக் கட்டணமின்றித் தேடலாம். எழுத்து ஒத்த பெயர்களைத் தவிர ஒலி ஒத்த பெயர்களையும் அங்கே தேட வழியுண்டு.

பெயரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் எட்டிப் பார்க்காத இடம் கட்டளைவரி. ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே இயக்கும் நோட்.ஜேஎஸ் பரவத் தொடங்கியபோது, 'நோட்' என்ற கட்டளை, லினக்ஸ் வெளியீடுகளுள் ஒன்றான டெபியனில் அமெச்சூர் வானொலியினர் பயன்படுத்தும் பாக்கெட் ரேடியோ மென்பொருள் ஒன்றிடம் இருந்தது. தொடர்பில்லாத இரு செயலிகள் ஒரே கட்டளைப் பெயரில் இருக்க டெபியனின் கொள்கை இடம் தராது. விவகாரம் 2012இல் அதன் தொழில்நுட்பக் குழு வரை சென்று, நோட்.ஜேஎஸ்ஸின் கட்டளை 'நோட்ஜேஎஸ்' என்று மாற்றப்பட்டது. விளைவாக, உலகமெங்கும் 'நோட்' என்ற பெயரில் அதை அழைத்த ஸ்கிரிப்டுகள் டெபியனிலும் உபுண்டுவிலும் 'கட்டளை கிடைக்கவில்லை' என்ற பிழையுடன் நின்றன. பழைய பெயரை மீட்டுத் தருவதற்கென்றே நிறுவக்கூடிய மென்பொருள் தொகுப்பு ஒன்றைத் தனியாக வைக்க வேண்டியிருந்தது. கோப்பின் உள்ளடக்கத்தை வண்ணமிட்டுக் காட்டும் 'பேட்' இதே காரணத்தால் டெபியனில் 'பேட்கேட்' என்ற பெயரிலும், கோப்பு தேடும் 'எஃப்டி' அங்கே 'எஃப்டிஃபைண்ட்' என்ற பெயரிலும் நிறுவப்படுகின்றன. ஆவணத்தில் ஒரு கட்டளையும் கணினியில் வேறொரு கட்டளையுமாக இருந்தால், முதல் நாளிலேயே குழம்பிப்போகிறவர் புதிய பயனர்தான். இரண்டு மூன்று எழுத்துப் பெயர்கள் தட்டுவதற்கு எளியவை என்பது உண்மை. அவற்றுள் பெரும்பாலானவை பல ஆண்டுகளுக்கு முன்பே கைமாறிவிட்டன என்பதும் உண்மை. முடிவெடுக்கும் முன் டெபியன் தொகுப்புகளின் கோப்புப் பட்டியலில் அக்கட்டளையைத் தேடிவிடுங்கள்; இரண்டு நிமிட வேலை.

தொகுப்புக் களஞ்சியங்களுக்கும் தனி விதிகள் உண்டு. பைத்தான் மொழியின் தொகுப்புக் களஞ்சியமான பைபிஐ, பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாட்டையும், இடைக்கோடு, அடிக்கோடு, புள்ளி ஆகியவற்றின் வேறுபாட்டையும் கணக்கில் கொள்ளாது. அடிக்கோடு ஒன்றைச் சேர்த்துவிட்டதால் பெயர் புதிதாகிவிட்டது என்று அங்கே கருத முடியாது. நிறுவும் பெயரும் நிரலில் இறக்குமதி செய்யும் பெயரும் வேறுவேறாக இருப்பதும் தவிர்க்க வேண்டியதே: இயந்திரக் கற்றல் நூலகம் ஒன்றை சைகிட்-லேர்ன் என்று நிறுவி எஸ்கேலேர்ன் என்று அழைப்பது பழகியவருக்குச் சிரமமில்லை, புதியவர் தவறான தொகுப்பை நிறுவ அதுவே வாய்ப்பாகிறது. பிழையாகத் தட்டுகிறவர்களையும் சரிபார்க்காமல் நகலெடுக்கிறவர்களையும் நம்பியே தீய தொகுப்புகள் பதிவேற்றப்படுகின்றன. ஜெல்லிஃபிஷ் என்ற நூலகத்தின் பெயரில், சிறிய எல் இருக்க வேண்டிய ஓர் இடத்தில் பெரிய ஐ எழுத்தை வைத்து, எஸ்எஸ்எச், ஜிபிஜி என்னும் மறையாக்கக் கருவிகளின் திறவுகோல்களைத் திருடும் போலித் தொகுப்பு ஒன்று 2019 டிசம்பரில் கண்டறியப்பட்டு பைபிஐயிலிருந்து நீக்கப்பட்டது. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகள் குறைவாக உள்ள பெயர் பாதுகாப்புக்கும் நல்லது.

பிறர் தயாரிப்பின் பெயரை உங்கள் பெயருக்குள் ஒட்டவைக்காதீர்கள். ஏஓஎல் நிறுவனத்தின் அரட்டைச் சேவையான ஏஐஎம்மின் முத்திரையை நினைவூட்டிய கெய்ம் என்ற அரட்டைச் செயலி, 2007இல் பிட்ஜின் ஆக வேண்டியிருந்தது. ஆண்டைப் பெயரில் சேர்ப்பதும் வேண்டாம். போஸ்ட்கிரெஸ்95 என்ற தரவுதளம் மறு ஆண்டே போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆனது. பொதுவழக்குச் சொல் தேடுபொறியில் தொலைந்துபோகும். கூகுளின் கோ மொழியைத் தேட 'கோலாங்' என்று தட்ட வேண்டியிருக்கிறது. அதுவும் கூகுள் என்பதால் தாங்கியது, சிறு திட்டம் தாங்காது. தமிழ்ப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு சொல்: தாராளமாக வையுங்கள், ஆனால் ரோமன் எழுத்தில் அதன் வடிவத்தை முதலிலேயே உறுதி செய்துவிடுங்கள். ழகரத்தை இசட்-எச் என்று எழுதுவோரும் எல் என்று எழுதுவோரும் நம்மிடையே இருக்கும் வரை, ஒரே பெயர் இரண்டு தொகுப்புகளாகப் பிரிந்து நிற்க இடமுண்டு.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய தவறாக நான் கருதுவது, பெயர் யாருடையது என்பதை எழுதிவைக்காமல் விடுவதுதான். உரிமம் நிரலைத் தருகிறது, பெயரைத் தருவதில்லை. அப்பாச்சி உரிமம் 2.0இன் 6ஆம் பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது. வலைப்பின்னல் பகுப்பாய்வுக் கருவியான ஈதெரியலை உருவாக்கியவர் 2006இல் வேறு நிறுவனத்துக்கு மாறியபோது, நிரலை அவரால் எடுத்துச் செல்ல முடிந்தது. பெயரின் முத்திரை பழைய நிறுவனத்திடமே தங்கிவிட்டது. அன்று முதல் அக்கருவி வயர்ஷார்க். சன் நிறுவனத்தை ஆரக்கிள் 2010இல் வாங்கிய பிறகு, அங்கே உருவான, நிரலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் கருவியான ஹட்சனின் பெயருக்கு ஆரக்கிள் உரிமை கோரியது. 2011 ஜனவரியில் பங்களிப்பாளர்கள் வாக்கெடுத்து ஜென்கின்ஸ் ஆனார்கள். அதேபோல் சன் வழியாக ஆரக்கிளிடம் வந்த அலுவலக மென்பொருளான ஓபன்ஆபிஸிலிருந்து பிரிந்தவர்கள் 2010 செப்டம்பரில் அப்பெயரைத் தங்களுக்கு வழங்கும்படி ஆரக்கிளிடம் கேட்டுக்கொண்டு, தற்காலிகமாக வைத்துக்கொண்ட பெயர்தான் லிப்ரெஆபிஸ், அதுவே நிலைத்துவிட்டது.

அலுவலக நேரத்தில் தொடங்கிய திட்டமாக இருந்தால், பெயரும் டொமைனும் யார் பெயரில் பதிவாகின்றன என்பதை நிர்வாகத்திடம் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். நண்பர்கள் சேர்ந்து நடத்துவதாக இருந்தால், டொமைனும் களஞ்சியக் கணக்கும் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. திட்டம் வளர்ந்தால் பெயரை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைப்பது நல்லது. டெபியனின் பெயரை அவ்வாறு சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்டரெஸ்ட் என்னும் அமைப்பு வைத்திருக்கிறது.

பெயரை மாற்றியே ஆக வேண்டிய நிலை வந்தால், நிரலுக்குள் இருக்கும் பழைய பெயரையும் ஒரேயடியாகத் துடைத்தெறிய முயல்வது இன்னொரு தவறு. ஜென்கின்ஸின் ஜாவா நிரலில் ஹட்சன் என்று தொடங்கும் தொகுப்புப் பெயர்களும், லிப்ரெஆபிஸின் நிரலிடைமுகத்தில் சன் நிறுவனத்தின் பெயரும் இன்றும் இருக்கின்றன, ஏனெனில் அவற்றை மாற்றினால் பிறர் எழுதிய நீட்சிகள் எல்லாம் உடையும். பயனர் கண்ணில் படும் இடங்களை முதலில் மாற்றுங்கள். பழைய தொகுப்பை நீக்காமல், புதியதைச் சுட்டும் அறிவிப்புடன் வைத்திருங்கள். களஞ்சியத்தின் பெயரை மாற்றினால், பழைய முகவரிக்கு வருவோரை நிரல் களஞ்சியத் தளமான கிட்ஹப் தானாகவே புதிய முகவரிக்கு அனுப்பும். ஆனால் அதே கணக்கில் பழைய பெயரில் வேறொரு களஞ்சியத்தைத் திறந்தால் அந்த வழிமாற்றம் நின்றுவிடும் என்பதால், அப்பெயரை வேறு எதற்கும் எடுக்காமல் விட்டுவையுங்கள்.