லேசிக் செய்யப் போகிறீர்களா? தேதி வாங்கும் முன் செய்ய வேண்டியவை, படிப்படியாக

ஆறாம் வகுப்பில் கண்ணாடி போட்டேன். கரும்பலகை தெரியாமல் பக்கத்து பெஞ்சுக்காரன் நோட்டைப் பார்த்து எழுதி, கணக்கில் அவன் செய்த தப்பையும் அப்படியே எழுதி மாட்டிக்கொண்டதால் வந்த கண்ணாடி. முப்பத்தொரு வயதில், கண்ணின் பவரை லேசரால் சரிசெய்யும் லேசிக் ஆபரேஷன் செய்துதான் கழற்றினேன். அன்றிலிருந்து சொந்தத்தில் யாருக்குப் பவர் ஏறினாலும் எனக்குத்தான் போன் வரும். "லேசிக் பண்ணா வலிக்குமா?"

வலிக்காது. சொட்டு மருந்து போட்டுக் கண்ணை மரத்துப்போக வைத்துவிடுவார்கள். பெரும்பாலானோருக்கு லேசர் ஒரு கண்ணைச் செதுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்தச் செதுக்கலை உங்கள் கண் தாங்குமா என்பதை அதற்கு முந்தைய பரிசோதனையில்தான் கண்டுபிடிக்கிறார்கள். பயப்பட வேண்டியதும் பொறுமை காட்ட வேண்டியதும் அங்கேதான். நான் டாக்டர் இல்லை. ஒரு பேஷன்டாகக் கேட்டு, படித்து, அனுபவித்துத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: லேசர் என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

கண்ணின் முன்பக்கத்தில் வாட்ச் கண்ணாடி போல வளைந்து, நிறமில்லாமல் இருப்பது கருவிழிப் படலம். ஆஸ்பத்திரியில் கார்னியா என்பார்கள். மைனஸ் பவர் உள்ளவர்களுக்கு வெளிச்சம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. படலத்தின் நடுப்பகுதியை லேசாகத் தட்டையாக்கினால் அது பின்னால் தள்ளிப்போய்ச் சரியான இடத்தில் விழும். அதற்காகக் கொஞ்சம் சதையைச் செதுக்கி எடுக்கிறது எக்சைமர் லேசர். புற ஊதாக் கதிர் என்பதால் சுற்றியுள்ள இடத்தைச் சுடாமல், பட்ட இடத்தை மட்டும் நீக்கும்.

இந்த லேசர் சதையை இப்படி நீக்கும் என்று கண்டுபிடிக்கப்பட்டதில் நம்மூர்க்காரர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னையில் பிறந்து மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1981 நவம்பரில், பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் குருத்தெலும்பைக் கொண்டுவந்து இந்த லேசரைக் காட்டிப் பார்த்தார். கருகாமல், கத்தி வைத்தது போலச் சுத்தமாக வெட்டியது. அங்கிருந்துதான் கதை கண்ணுக்கு வந்தது.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: எடுத்த சதை திரும்ப வளராது.

படி 2: மூன்று பெயர்கள்

லேசிக்கில் படலத்தின் மேலடுக்கை ஒரு மூடி மாதிரி வெட்டித் திறந்து, உள்ளே லேசர் அடித்து, மூடியைத் திரும்ப வைப்பார்கள். மூடியை பிளேடாலும் வெட்டலாம், ஃபெம்டோ லேசராலும் வெட்டலாம். பிஆர்கே முறையில் மூடி கிடையாது. மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு அடிப்பார்கள். நான்கைந்து நாள் எரிச்சலும் வலியும் இருக்கும், பார்வை தெளிய வாரக்கணக்கில் ஆகும். ஸ்மைல் முறையில் உள்ளேயே சின்ன வில்லை போல வெட்டி, சில மில்லிமீட்டர் துளை வழியாக உருவி எடுத்துவிடுவார்கள்.

எது புதிது, எது விலை அதிகம் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க இது செல்போன் இல்லை. படலம் சற்று மெலிந்தவருக்குப் பழைய பிஆர்கேதான் பொருந்தலாம். பவர் மிக அதிகமென்றால் லேசரே வேண்டாம், கண்ணுக்குள் லென்ஸ் வைக்கலாம் என்பார்கள்.

படி 3: வரிசையில் நிற்கலாமா என்று நீங்களே பாருங்கள்

பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும். இருபத்தொன்று வரை பொறுக்கச் சொல்பவர்களும் உண்டு. அதைவிட முக்கியம், கடைசி ஒரு வருடத்தில் பவர் அரைப் புள்ளிக்கு (0.5) மேல் மாறியிருக்கக் கூடாது. பழைய கண்ணாடிச் சீட்டுகளைத் தேடி எடுத்துத் தேதி வாரியாக அடுக்குங்கள். என்னிடம் இரண்டுதான் இருந்தன. ஒன்று அம்மாவின் மளிகைக் கணக்கு நோட்டுக்குள் கிடந்தது.

கர்ப்பமாக இருப்பவர்களும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் தள்ளிப்போட வேண்டும், அந்தச் சமயத்தில் பவரே மாறும். முடக்குவாதம், லூபஸ் மாதிரியான நோய் இருந்தாலோ, சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலோ, கண்ணில் ஹெர்பிஸ் வைரஸ் தொற்று வந்திருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுபவர்கள் பலர் அதைச் சொல்வதே இல்லை, "அது ஸ்கின்னுக்குத்தானே" என்று. அந்த மாத்திரை கண்ணை வறளச் செய்யும்.

நாற்பதை நெருங்குபவர்களுக்கு: தூரப் பார்வை சரியானாலும் வெள்ளெழுத்து வரத்தான் செய்யும். இன்னொரு சங்கடமும் உண்டு. மைனஸ் பவர்க்காரர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் கிட்டே உள்ளதைப் படித்துவிடலாம். லேசிக்குக்குப் பிறகு அந்த வசதி போய்விடும்.

அரசு வேலைக்குப் படிப்பவர்கள் இந்த இடத்தில் நின்று அறிவிக்கையைப் படியுங்கள். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் (ரயில் எஞ்சின் உதவி ஓட்டுநர்) வேலைக்கு லேசிக் செய்தவர்களை எடுப்பதில்லை. ராணுவம், விமானப்படைக்கும் தனித்தனி விதிகள் உண்டு. பவர் இருப்பதால் வேலை கிடைக்காது என்று ஆபரேஷன் செய்துகொண்டு, ஆபரேஷன் செய்ததாலேயே வேலை கிடைக்காமல் போனால் யாரிடம் போய்ச் சொல்வது?

கல்யாணத்துக்காகச் செய்பவர்களும் நிறைய. ஆவணியில் முகூர்த்தம், ஆடியில் லேசிக் என்று வருவார்கள். குறைந்தது மூன்று மாதமாவது இடைவெளி விடுங்கள். மை, ஹோமப் புகை, சாஸ்திரத்துக்கு ஒரு பாட்டி தெளிக்கும் தண்ணீர், இது எதுவும் புதுக் கண்ணுக்கு ஆகாது.

படி 4: கான்டாக்ட் லென்ஸைக் கழற்றுங்கள்

பரிசோதனைக்கு முன்பே, கவனியுங்கள், ஆபரேஷனுக்கு முன்பு மட்டும் இல்லை. மிருதுவான லென்ஸ் என்றால் ஒன்றிரண்டு வாரம், கெட்டி லென்ஸ் என்றால் மூன்று நான்கு வாரம். லென்ஸ் படலத்தை அழுத்தி அதன் வடிவத்தை மாற்றி வைத்திருக்கும். மாறிய வடிவத்தை அளந்து, அந்த அளவுக்கு லேசர் அடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

நான் முதலில் போன இடத்தில் இதை யாரும் கேட்கவில்லை. காலையில் வரை லென்ஸ் போட்டிருந்துவிட்டுப் போனேன். மளமளவென்று ஸ்கேன் எடுத்தார்கள், "சார், நாளைக்கே ஸ்லாட் இருக்கு, இன்னிக்கே புக் பண்ணா ஆஃபர்" என்றார் அந்த ஆஸ்பத்திரியின் ஆலோசகர். நானாக லென்ஸ் விஷயத்தைச் சொன்னபோது, "பரவால்ல சார்" என்று பதில் வந்தது. எழுந்து வந்துவிட்டேன். இரண்டு வாரம் லென்ஸ் போடாமல் வேறோர் ஆஸ்பத்திரியில் அளந்தபோது இடது கண்ணின் பவர் முக்கால் புள்ளி வித்தியாசம்.

படி 5: பரிசோதனை நாள்

அரை நாளை ஒதுக்குங்கள், கூட ஒருவரை அழைத்துப் போங்கள். கண்ணில் மருந்து போட்டுப் பாவையை, அதாவது கண்ணின் நடுவில் உள்ள கறுப்பு வட்டத்தை, விரித்துவிடுவார்கள். சாயங்காலம் வரை கிட்டே இருப்பது கலங்கலாகத் தெரியும், வெயில் கூசும், பைக் ஓட்ட முடியாது.

முதலில் படலத்தின் வரைபடம். பென்டகாம் மாதிரி ஒரு கருவியில் முகவாயை வைத்து இமைக்காமல் பார்த்தால், மேடு பள்ளம் எல்லாம் வண்ணத்தில் வரும். இதில் தேடுவது முக்கியமாகக் கெரட்டோகோனஸ் என்ற நோயை. படலம் மெலிந்து கூம்பு போலப் பிதுங்கும் நோய் அது. அலர்ஜியால் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பவர்களிடம் அதிகம் பார்க்கலாம். அதன் ஆரம்ப அறிகுறி இருந்து, தெரியாமல் லேசிக் செய்தால் படலம் மேலும் தளர்ந்து பிதுங்கிவிடும். என் சித்தப்பா மகளுக்கு இந்த வரைபடத்தில் கீழ்ப்பக்கம் சிவப்பாக ஒரு திட்டு வந்தது. "உனக்கு வேண்டாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்ட் வரை அழுதுகொண்டே வந்தாள். எனக்கென்னவோ அந்த டாக்டர் மேல்தான் மரியாதை கூடியது.

அடுத்தது தடிமன். இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். படலத்தின் தடிமன் சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரைவிடச் சற்று அதிகம். மூடிக்கு 110 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு புள்ளி பவருக்குத் தோராயமாக 15 மைக்ரான் செதுக்க வேண்டும்.

உங்களுக்கு 530 மைக்ரான், பவர் மைனஸ் 5 என்றால்: 530-இல் மூடிக்கு 110, செதுக்க 75 போக, மீதி 345. நிம்மதியான எண். உங்கள் நண்பருக்கு 490, பவர் மைனஸ் 8 என்றால்: 110-உம் 120-உம் போக, மீதி 260. மூடிக்கு அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும் என்பது பழைய எல்லை. 300-க்குக் கீழே போகவே பல டாக்டர்கள் தயங்குவார்கள். அதனால் அவர் சீட்டில் 260 என்பது பாஸ் மார்க் மாதிரி தெரிந்தாலும், நல்ல டாக்டர் வேறு வழி பார்க்கலாம் என்றுதான் சொல்வார். உங்கள் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். "எனக்கு எவ்வளவு மிஞ்சும் டாக்டர்?" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

பிறகு கண்ணீர். கீழிமையில் மெல்லிய காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் உட்கார வைப்பார்கள். எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பதற்கு. மூடி வெட்டும்போது படலத்தின் நரம்புகளும் அறுபடுகின்றன, அதனால் லேசிக்குக்குப் பின் பலருக்குச் சில மாதங்கள் கண் வறளும். ஏற்கெனவே வறட்சி உள்ளவருக்கு அது பெரிய தொல்லை. ஏசி அறையில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் பார்ப்பவர் என்றால் அதையும் சொல்லுங்கள்.

இருட்டில் பாவை எவ்வளவு விரிகிறது என்றும் அளப்பார்கள். கடைசியில் விழித்திரை. மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்களுக்கு விழித்திரையின் ஓரம் மெலிந்தோ ஓட்டை விழுந்தோ இருக்கலாம். இருந்தால் அதை முதலில் சரிசெய்வார்கள். லேசிக் செய்து கண்ணாடியைக் கழற்றினாலும் உள்ளே அதே மைனஸ் கண்தான். வருடா வருடம் விழித்திரையைக் காட்ட வேண்டும்.

படி 6: கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்

சொன்ன கட்டணம் ஒரு கண்ணுக்கா, இரண்டுக்கும் சேர்த்தா? ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரை முன்னதாகப் பார்க்க முடியுமா, பிறகு செக்கப்பில் பார்ப்பதும் அவர்தானா? பவர் கொஞ்சம் மிஞ்சினால் இரண்டாம் முறை லேசர் அடிக்க என் படலத்தில் இடம் இருக்கிறதா, அதற்குத் தனிக் காசா?

இரவில் வண்டி ஓட்டுபவராக இருந்தால் அதையும் பேசுங்கள். எனக்கு முதல் இரண்டு மாதம் எதிரே வரும் லாரியின் விளக்கைச் சுற்றி, மழைக்கால நிலாவுக்குக் கோட்டை கட்டியது போல ஒரு வளையம் தெரிந்தது. பிறகு மங்கிவிட்டது. சிலருக்கு மங்காமலும் இருக்கலாம்.

இன்சூரன்ஸை நம்பி இருக்காதீர்கள். 7.5 புள்ளிக்குக் குறைவான பவரைச் சரிசெய்யும் செலவைத் தவிர்க்க பாலிசிகளுக்கு, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ விதியிலேயே இடம் இருக்கிறது.

படி 7: அந்த நாள்

தலைக்குக் குளித்துவிட்டுப் போங்கள், அப்புறம் சில நாளுக்கு முடியாது. மை, பவுடர், சென்ட் எதுவும் வேண்டாம்; சென்ட்டின் ஆவி லேசரையே பாதிக்கும்.

படுக்க வைத்து, சொட்டு மருந்து விட்டு, இமையை ஒரு கம்பியால் விரித்து நிறுத்துவார்கள். மூடி வெட்டும்போது கண்ணை ஒரு வளையம் உறிஞ்சிப் பிடிக்கும். அப்போது பார்வை மங்கி இருண்டுபோகும். முன்கூட்டியே தெரியாவிட்டால் உயிரே போய்விடும், தெரிந்திருந்தால் இருபதுவரை எண்ணிக் கடந்துவிடலாம். பிறகு ஒரு விளக்கையே பார்க்கச் சொல்வார்கள். டிக் டிக் என்று சத்தம், முடி பொசுங்குவது போல ஒரு வாடை. எழுந்து உட்கார்ந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். புகைக்குள் தெரிவது போல இருந்தது, ஆனால் முள் தெரிந்தது.

படி 8: முதல் வாரம்

வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். முதல் நான்கைந்து மணி நேரம் வெங்காயம் அரிந்த மாதிரி எரிந்து கொட்டும். கசக்கவே கூடாது, மூடி நகர்ந்துவிடும். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் கவசத்தைத் தூங்கும்போது கட்டிக்கொள்ளுங்கள். குளிக்கும்போது கழுத்துக்குக் கீழேதான் தண்ணீர். நீச்சலும் கண் மையும் டாக்டர் சொல்லும்வரை வேண்டாம். வலி திடீரென்று கூடினாலோ, பார்வை குறைந்தாலோ மறுநாள் செக்கப்புக்காகக் காத்திருக்காமல் உடனே போங்கள்.

சொட்டு மருந்தில் ஒன்று ஸ்டீராய்டாக இருக்கும். சொன்ன நாளில் நிறுத்திவிடுங்கள். கண் சிவந்தால் மருந்துக்கடையில் அதையே மறுபடி வாங்கி விடுவது நம்மூர்ப் பழக்கம். அது கண் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

படி 9: அந்த ஃபைல்

ஆபரேஷனுக்கு முந்தைய பவர், படலத்தின் வளைவு அளவு, தடிமன், எவ்வளவு செதுக்கினார்கள் என்ற விவரம், எல்லாவற்றுக்கும் நகல் வாங்குங்கள். அறுபது வயதில் கண்புரை ஆபரேஷனுக்குப் போகும்போது, உள்ளே வைக்கும் லென்ஸின் பவரை வழக்கமான கணக்கில் போட்டால் லேசிக் செய்த கண்ணுக்குத் தப்பாக வரும். பழைய அளவுகள் கையில் இருந்தால் டாக்டருக்கு வேலை சுலபம். படலம் மெலிந்ததால் கண் அழுத்தமும் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும், அதனால் யார் அழுத்தம் பார்த்தாலும் லேசிக் செய்ததைச் சொல்ல வேண்டும். நான் ஃபைலின் மேல் "லேசிக் செய்த கண்" என்று ஸ்கெட்ச் பேனாவில் பெரிதாக எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். எந்தப் பெட்டி என்று மனைவிக்கும் காட்டியாகிவிட்டது.